சாத்துச் சித்தியும் விசிலடிக்கும் வீடும்

எங்கள் வீடு விசிலடிக்கிறது என்ற செய்தி பல வாய் மாறி என்னிடம் வந்து சேர்ந்தது. தெருவில் பால் ஊற்றுபவர் சலவைக்கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அவர் வெளிநாட்டில் இருக்கும் தன் தங்கையிடம் சொல்லியிருக்கிறார். அந்தத் தங்கை என் மனைவியோடு ஒரே பேருந்தில் வேலைக்குப் போகிறவள்.

"உங்க வீட்டு வாசக்கதவு தானா விசிலடிக்குதாம். கதவைத் தட்டினா ஆளை உள்ளே இழுக்குதாம். அக்கம்பக்கத்துப் பூனையெல்லாம் உங்க மொட்டைமாடியிலதான் கூடுதாம். உள்ளே இருக்கிற ரெண்டு அம்மாங்களும் ஜன்னலைத் திறந்தே மாசக்கணக்காச்சாம்."

என் மனைவி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூரத்தில் பிழைக்கப் போனவனுக்கு வதந்தி என்று ஒன்று கிடையாது. எல்லாமே தகவல்தான். அறுபதைத் தாண்டிய இரண்டு பெண்கள், அடைத்த வீடு, எரிகிற அடுப்பு என்று என் மனம் தானாகவே அடுத்தடுத்த படங்களை வரைய ஆரம்பித்துவிட்டது. உடனே வீட்டுக்குப் போன் போட்டேன்.

"வீட்டுல ஏதாவது பிரச்சனையாம்மா?"

"ஒண்ணுமில்லையே. நீ சாப்பிட்டியா?"

"வீடு விசிலடிக்குதுன்னு சொல்றாங்க."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அது சமைக்கும்போது மட்டும்தான்."

அதற்குள் சித்தி போனைப் பிடுங்கிவிட்டாள். "யார்ரா சொன்னது, பால்காரரா? அந்த ஆளு கதவைத் தட்டிட்டு அதுமேலயே சாஞ்சு நின்னாரு. நான் தாழ்ப்பாளை எடுத்ததும் கேனோட உள்ளே வந்து விழுந்தாரு. ஒரு சொட்டுப் பால் சிந்தலை, அதைச் சொன்னாரா? எந்த ஓட்டையையும் அடைச்சிடலாம்டா. ஊர் வாய்க்கு மட்டும் ரப்பர் கிடையாது."

"அதில்ல சித்தி, காத்து வராம நீங்க ரெண்டு பேரும் மூச்சு..."

"மூச்சு விட்டுக்கிட்டுத்தானே உன்கூடப் பேசறேன்? போனை வை."

வைத்தேன். வைத்த கையோடு விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன்.

சித்தி என் அம்மாவின் ஒரே தங்கை. மீன் பதப்படுத்தும் குளிர்கிடங்கு ஒன்றில் எடை பார்க்கும் வேலைக்குச் சேர்ந்து, கிடங்குக்கே பொறுப்பாளராக ஓய்வு பெற்றவள். வெளியே தார்ச்சாலை உருகிக்கொண்டிருக்கும். உள்ளே சித்தி ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டரும் காதை மூடிய கம்பளித் தொப்பியுமாக நின்றுகொண்டிருப்பாள். மத்தியானம் வெளியே வந்து, அந்தக் கோலத்திலேயே வெயிலில் நின்று டீ குடிப்பாளாம். சாலையில் போகிறவர்கள் அவளைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்களாம்.

அந்தக் கிடங்கில் இருந்தது ஒரே சட்டம். கதவைச் சாத்து. பெட்டி தூக்குகிறவர் தோளில் சுமையோடு நுழைந்து காலால் கதவைத் தள்ளுவதற்குள், "சாத்து!" என்ற குரல் உள்ளிருந்து வந்துவிடும். ஒருமுறை முதலாளி விருந்தாளிகளைக் கூட்டிவந்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே கிடங்கின் பெருமையைப் பேசியிருக்கிறார். "உள்ளே வந்து பேசுங்க, இல்லை வெளியே போய்ப் பேசுங்க" என்றிருக்கிறாள் சித்தி. உள்ளே வந்து பேசினார்களாம். பேச்சு சீக்கிரமே முடிந்துவிட்டதாம். அன்றிலிருந்து கிடங்கில் அவள் சாத்து மேடம். எங்கள் வீட்டில் சாத்துச் சித்தி.

அவள் கல்யாணம் பண்ணிக்கொண்டது அதே கிடங்கின் குளிர்பதன மெக்கானிக்கை. கொஞ்ச காலம் ஒன்றாக இருந்தார்கள். ஒருநாள் காலையில் அவர் பையை எடுத்துக்கொண்டு போனவர்தான். "நான் பார்த்த ஆளுங்கள்ல, கதவைச் சாத்தாமப் போயும் நான் கத்தாம விட்டது அவர் ஒருத்தரைத்தான்" என்பாள் சித்தி. சின்ன வயதில் நானும் அண்ணனும் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்போம். அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்பா போன பிறகு, சித்தியும் ஓய்வு பெற்ற பிறகு, அக்காவும் தங்கையும் எங்கள் வீட்டில் ஒன்றாக இருக்க ஆரம்பித்தார்கள். சின்ன வயதில் நிறுத்திய சண்டையை நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். யார் முதலில் குளிப்பது, யார் ஜன்னலோரம் படுப்பது, அந்தக் காலத்தில் மூத்தவளின் சீப்பை உடைத்தது யார் என்பதெல்லாம் தினமும் விசாரணைக்கு வரும். போனில் கேட்கும்போது எனக்கே பொறாமையாக இருக்கும்.

வீடு பழையது. மேலே மாடி கிடையாது, வெறும் கான்கிரீட் தளம். மேற்குச் சுவருக்கு வெளியே நிழலுக்கு ஒரு செடிகூட இல்லை. பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, சூரியன் போன பிறகு தளம் அதை நிதானமாக உள்ளே இறக்கும். ஜன்னல் மரமெல்லாம் முறுக்கிக்கொண்டு விட்டது. கதவுக்கடியில் எலி தலை நிமிர்ந்து போகும். அம்மா அறையில் ஏ.சி. இருந்தது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுபோல அது ஓடிக்கொண்டே இருக்கும், அறை குளிராது. "நாம தெருவுக்கு ஏ.சி. போட்டுக்கிட்டு இருக்கோம்" என்று சித்தி புலம்புவாள். வெயில் ஏறினால் மின்சாரமும் போய்விடும்.

போன கோடையில் அம்மா சமையலறை வாசலில் மயங்கி விழுந்தாள். "வெயில்லயே போகலை டாக்டர்" என்று சித்தி சொன்னதற்கு, "வெயில் உங்க வீட்டுக்குள்ள வந்திருக்கு" என்றிருக்கிறார் அவர். அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கையில் நாங்கள் எல்லாரும் போனில் கூடினோம். அண்ணன் வேறொரு பெருநகரத்தில், பகலெல்லாம் ஏ.சி. ஓடும் அடுக்குமாடியில் இருக்கிறான்.

"அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். வீட்டைப் பூட்டிடலாம்" என்றான்.

"அப்போ சித்தி?" என்றேன் நான்.

"சித்தியும் வரட்டும்" என்றான். அவன் வீட்டில் உபரியாக இருப்பது ஒரே அறை. அவன் குரலிலேயே அந்த அறையின் அகலம் தெரிந்தது.

"நான் யார் வீட்டு அலமாரியிலயும் இருக்க மாட்டேன்" என்றாள் சித்தி. அதன்பிறகு கொஞ்சம் தணிந்து, "எனக்கு அடுத்த கோடை ஒண்ணைக் குடுப்பா. வீட்டை நான் அடக்கிக் காட்டறேன். அடங்கலைன்னா உங்கம்மா பெட்டியை நானே கட்டித் தர்றேன்" என்றாள்.

கோடை முடியப்போகிற நேரம் என்பதால் அண்ணன் ஒத்துக்கொண்டான். அம்மாவைக் கேட்டோம். "உங்க இஷ்டம்" என்றாள். ஆயுசு பூராவும் அவள் எல்லாவற்றுக்கும் சொன்ன பதில் அது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அப்பாவுக்கே கடைசிவரை தெரிந்ததில்லை.

நான் விடுப்பில் போகிறேன் என்றதும் அண்ணனுக்குச் சந்தோஷம். "நீயே இருந்து பார்த்துச் சொல்லு. நீ எதுக்கெடுத்தாலும் பயப்படற ஆளு. உன் கண்ணுல குறை தப்பாது" என்றான். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நான் போவதற்கு முன் நடந்ததெல்லாம் அம்மாவும் மரவேலைக்காரரும் சொன்னது. சித்தியின் பழைய கிடங்கை இடித்துக்கொண்டிருந்தார்களாம். இருபுறமும் தகடும் நடுவில் கெட்டியான நுரையுமாக இருக்கும் அதன் சுவர்ப் பலகைகளைச் சித்தி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டாள். ஒவ்வொரு பலகையும் அவளுக்கு முகம் தெரியும். "இது இறால் ரூம் கதவோரம் இருந்தது. இதுல ஒரு முட்டாள் தள்ளுவண்டியால இடிச்சான், பாரு பள்ளம்." மொட்டைமாடி முழுக்க அவற்றைப் பரப்பி, இடுக்குகளில் நுரை அடித்து, மேலே வெள்ளை பூசினாள்.

"வீட்டுக்கு மேல இன்னொரு வீடா கட்டறீங்க?" என்று கேட்டிருக்கிறார் கொத்தனார்.

"தொப்பிய்யா. வெயில்ல போனா நீ தலையில துண்டு போட்டுக்கறே இல்லை? வீடு மட்டும் மொட்டைத்தலையோட நிக்கணுமா?"

மீதிப் பலகைகள் மேற்குச் சுவருக்கு உட்புறம் போயின. வேலை கச்சிதம். ஒன்றைத்தான் சித்தி மறந்துவிட்டாள். அந்தப் பலகைகள் ஆயுசெல்லாம் மீனோடு வாழ்ந்தவை. வெயில் பட்டதும் மாடியில் வாசனை கிளம்பியது. பூனைகள் வந்தன. சித்தி சோப்புப் போட்டுக் கழுவினாள், எலுமிச்சை பிழிந்தாள், மறுபடி வெள்ளை பூசினாள். மனிதர் மூக்குக்கு வாசனை தெரியாமல் போனது. பூனைகள் நம்பிக்கை இழக்கவில்லை.

அடுத்தது ஓட்டைகள். கிடங்கில் கசிவு கண்டுபிடிக்கும் முறையையே சித்தி வீட்டுக்கும் கொண்டுவந்தாள். உச்சி வெயிலில் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் மூடி, விளக்கை அணைத்துவிட்டு, கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்காருவது. கண் இருட்டுக்குப் பழகியதும், எங்கெல்லாம் வெளிச்சம் ஒழுகுகிறதோ அங்கெல்லாம் சூடும் ஒழுகுகிறது. அம்மா, சித்தி, மரவேலைக்காரர் மூன்று பேரும் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அதோ, மீட்டர் பெட்டிக்குப் பின்னாடி ஊசி முனை மாதிரி ஒண்ணு" என்றாளாம் அம்மா.

"எங்கே? எனக்குத் தெரியலையே."

"உனக்கு எப்படித் தெரியும்? சின்ன வயசுல கண்ணாமூச்சி ஆடும்போதே கையிடுக்கு வழியா எட்டிப் பார்க்கிற ஆளு நீ. நேர் பார்வையே கிடையாது."

"எட்டிப் பார்த்தும் உன்னைப் பிடிக்க முடியலை. அவ்வளவு குண்டா இருந்துக்கிட்டு எங்கேதான் ஒளிஞ்சியோ!"

இருவரும் இருட்டில் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தவே இல்லையாம். "ரெண்டு பேரும் இருட்டுல இப்படிச் சிரிச்சா எனக்குப் பயமா இருக்குங்க. நான் வெளியில போய் நிக்கட்டுமா?" என்று மரவேலைக்காரர் கேட்டிருக்கிறார். சித்தி அனுமதிக்கவில்லை. அவர் போனால் கதவைத் திறக்க வேண்டுமே.

இப்படியே ஒவ்வொரு ஒளிப்பொட்டாகத் தேடி அடைத்தார்கள். குளிர்பெட்டிக் கதவுகளின் ரப்பர் பட்டை ஜன்னல் சட்டங்களைச் சுற்றி ஏறியது. உத்தரத்துக்கருகே இருந்த காற்றுத் துவாரங்களைப் பலகை வைத்து மூடினார்கள். குழாய் நுழைகிற இடத்தில் பசை, கதவுக்கடியில் ரப்பர். அடுப்புப் புகை போக வேண்டுமே என்று, கிடங்கிலிருந்து வந்த பெரிய காற்றாடி ஒன்றைச் சமையலறைச் சுவரில் பொருத்தினாள் சித்தி. அது உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளும். தள்ளிய காற்றுக்குப் பதில் காற்று எந்த வழியாக வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. அது சாவித்துவாரம் வழியாக வந்தது. விசிலடித்துக்கொண்டு வந்தது.

நான் போய் இறங்கியதும் சமையல் நேரத்தில்தான். கதவில் கை வைத்தேன். தாழ்ப்பாள் விலகிய சத்தம் கேட்டது. உள்ளிருந்து யாரோ இழுத்தாற்போல, பெட்டியும் நானுமாகக் கூடத்துக்குள் போய் விழாத குறை.

"சாத்து! சாத்து! அப்புறமா கட்டிப் பிடிச்சுக்கலாம்" என்றாள் சித்தி.

சாத்தினேன். தெருவின் இரைச்சல் சட்டென்று அறுந்தது. வெளியே கொதித்த வெயிலுக்கும் இந்தக் கூடத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஈரத்துணியை முகத்தில் ஒற்றியதுபோல இருந்தது. தரையில் உட்கார்ந்தேன், சுவரில் சாய்ந்தேன், தளத்தை அண்ணாந்து பார்த்தேன். சித்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் வேலை பார்க்கும் ஊரின் மொழியில் வெயிலைத் தடுக்கும் இந்த வேலைகளுக்கெல்லாம் தனித்தனிச் சொற்கள் உண்டு. அலுவலகத்தில் அவற்றை நீட்டி முழக்கியும் பேசியிருக்கிறேன். அன்று ஒன்றும் வாயில் வரவில்லை. "சித்தி..." என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அண்ணனிடம் போனில் குதித்தேன். "பகல் சரி. அவசரப்படாதே, இருந்து பாரு" என்றான்.

இருந்து பார்த்தேன். குளித்துத் துவட்டிய துண்டு காயவே இல்லை. உப்பு ஜாடியில் உப்பு கரைந்து நின்றது. தீக்குச்சி உரசினால் மருந்து வழித்துக்கொண்டு வந்தது. சாயங்காலம் ஆனால் உடம்பு பிசுபிசுத்தது. அம்மா இருமினாள். பெரிய இருமல் இல்லை, வாயை மூடிக்கொண்டு இருமுகிற இருமல். ஒருநாள் விடிகிற நேரத்தில் எழுந்து பார்த்தால் அவள் படுக்கையில் இல்லை. வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா இங்கே?"

"சும்மாதான். உள்ளே கொஞ்சம் புழுக்கமா இருக்கு."

"சித்திகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எவ்வளவு ஆசையா அடைச்சிருக்கா. சொல்ல வாய் வரலைடா."

"இந்த இருமல்?"

"அண்ணன்கிட்ட சொல்லாதே" என்றாள். சொன்னால் அவன் உடனே கூட்டிப்போய்விடுவான் என்று பயமா, அல்லது தங்கை தோற்றாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதா, எனக்குப் பிடிபடவில்லை. கேட்டால் "உங்க இஷ்டம்" என்பாள்.

சொல்லவும் மறைக்கவும் தேவையில்லாமல் போயிற்று. எதையோ தேடப் போன சித்தி அம்மா அறையின் அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தினாள். பின்சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. அலமாரிக்குள் மடித்து வைத்த அம்மாவின் சால்வையிலும் அதே புள்ளிகள். சித்தி சுவரில் விரல் வைத்து முகர்ந்து பார்த்தாள். மத்தியானம் சாப்பிடவில்லை. கத்தாத சித்தியை எங்களுக்குப் பழக்கமில்லை. நானும் அம்மாவும் பாத்திரம் சத்தப்படாமல் நடமாடினோம்.

சாயங்காலம் அவளாகவே வந்து அம்மா எதிரில் உட்கார்ந்தாள்.

"கிடங்குல இருந்தது எதுவும் மூச்சு விடலை அக்கா. எல்லாம் செத்த மீனு. அது சமைக்காது, குளிக்காது, துணி காயப் போடாது. கதவைச் சாத்தினா போதும், வேலை முடிஞ்சுது. நான் உன்னையும் அப்படியே வெச்சுட்டேன்."

"மீனுன்னா இவ்வளவு காலம் உன் சமையலைச் சாப்பிட்டிருக்காதுடி" என்றாள் அம்மா.

சித்தி சிரிக்கவில்லை. எழுந்து போய், முக்காலியில் ஏறி, பரணிலிருந்து அம்மாவின் பெரிய பெட்டியை இறக்கினாள். கொண்டுவந்து கட்டில் மேல் வைத்தாள். "சொன்ன வார்த்தை. நானே கட்டித் தர்றேன்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பெட்டியின் பூட்டைத் திறக்கக் கையை வைத்தாள்.

அம்மா பெட்டியைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள்.

"கோடை இன்னும் முடியலையே" என்றாள்.

சித்தி பூட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"தூசிகூடத் தட்டாம கட்டில்ல வெச்சிருக்கே. எடுத்து மேல போடு" என்றாள் அம்மா மறுபடியும்.

மறுநாள் மரவேலைக்காரர் வந்தார். "அம்மா, அடைக்கச் சொன்னதும் நீங்கதான், பிரிக்கச் சொல்றதும் நீங்கதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கா?" என்று கேட்டார்.

"குரங்கு வந்ததுதான் வந்துச்சு, அது மூச்சு விடறதுக்கு வழி பண்ணுய்யா" என்றாள் சித்தி.

மேலே காற்றுத் துவாரங்களை அடைத்த பலகைகள் கீல் வைத்த மூடிகளாயின. கயிற்றை இழுத்தால் திறக்கும், விட்டால் ரப்பரில் போய்க் கச்சிதமாக உட்காரும். வடக்குச் சுவரின் அடியில், சமையலறைக்கு எட்டத்தில், வலையும் மூடியும் போட்டு ஒரு திறப்பு வைத்தார்கள். காற்றாடி ஓடும்போது காற்று இனி அந்த வழியாக வரும். முதல்முறை சோதித்தபோது எல்லாரும் வாசக்கதவருகே காதை வைத்துக்கொண்டு நின்றோம். விசில் இல்லை. குளியலறைக்கும் தனியாக ஒரு சின்னக் காற்றாடி போட்டாள். பூஞ்சையைத் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தோம்.

வெயில் வருமுன் எல்லாவற்றையும் திறப்பது, எதிர்வீட்டுச் சுவரில் வெயில் விழுந்ததும் சாத்துவது என்று ஏற்பாடு. சாத்துவது சித்திக்குப் பிரச்சனை இல்லை. திறப்பதுதான். ஜன்னலைத் திறந்துவிட்டு அவளால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. காவல் நிற்பாள். கை தானாகக் கொக்கிக்குப் போகும்.

"திற!" என்று படுக்கையிலிருந்தே அம்மா கத்துவாள்.

"திறந்துதான் இருக்கு."

"பாதிதான் திறந்திருக்கு. சத்தத்துலயே தெரியுது."

"இவளுக்கு அதிகாரத்தைப் பாரு. நான் கிடங்குல ஆளுங்களைக்கூட இப்படி மேய்ச்சதில்லை" என்று முனகிக்கொண்டே மீதிப் பாதியையும் திறப்பாள் சித்தி.

துண்டு காய ஆரம்பித்தது. உப்பு உப்பாக நின்றது. இருமல் குறைந்து, ஒருநாள் நின்றும் போனது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அண்ணனின் பழைய அறை, பலகை தீர்ந்துபோனதால், இன்னும் அடுப்புதான். பூனைகளும் போகவில்லை. அதற்குள் தெருமுனை இஸ்திரிக்காரர் வந்து, தன் தகரக் கூரைக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று தலையைச் சொறிந்தார். சித்தி அவர் கடைக்குள் போய்க் கதவைச் சாத்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதுல வெளிச்சம் வர்ற ஓட்டையை எண்றதைவிட, வராத இடத்தை எண்ணலாம்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

நான் வழக்கம்போலப் பயந்துகொண்டிருந்தேன். அடுப்பை ஏற்றுமுன் வடக்குத் திறப்பைப் போய்ப் பார்ப்பேன். பலகைகள் காற்றில் பறக்குமோ என்று மாடிக்குப் போய் அழுத்திப் பார்ப்பேன்.

"அங்கே போய் என்னதான்டா படிச்சே? பயப்படறதுக்கா?" என்றாள் சித்தி.

"அது இங்கேயே படிச்சது சித்தி. அங்கே போய் இன்னொரு மொழியில பயப்படக் கத்துக்கிட்டேன்."

"ரெண்டு மொழியிலயும் சேர்த்து ஒரு தடவை பயந்துட்டு வா, சாப்பிடலாம்."

அண்ணன் ஒரு நிபந்தனை வைத்திருந்தான். இந்தக் கோடையின் கொடுமையான நாளன்று, மத்தியானம் கூப்பிடுவான். அம்மாவிடமே கேட்பான். "வர்றியா, அங்கேயே இருக்கியான்னு அம்மா வாயால சொல்லட்டும். நீயும் சித்தியும் நடுவுல பேசக் கூடாது" என்றான். நியாயம்தான் என்று சித்தியும் சொன்னாள்.

அந்த நாள் வந்தது. யாரும் வெளியே போக வேண்டாம் என்று காலையிலேயே வானொலியில் சொன்னார்கள். அம்மாவே எழுந்து வந்து, வழக்கத்தைவிட முன்னதாக எல்லாவற்றையும் சாத்தச் சொன்னாள். சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. தெரு முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. கதவுகள் திறக்கிற சத்தம், குழந்தைகளின் அழுகை. எங்கள் கூடத்து மின்விசிறி ஒவ்வொரு சுற்றாகத் தளர்ந்து நின்றது.

அம்மா கட்டிலில் படுத்தாள். "போன் வந்தா சொல்லுங்க" என்று கண்ணை மூடினாள். நான் அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வியர்க்கும், எழுந்து உட்காருவாள், தண்ணீர் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. மூச்சு சீராக நீண்டது. லேசான குறட்டையும் கேட்டது.

சித்தி கட்டிலின் கால்மாட்டில் நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வை கட்டிலில் இல்லை. மேஜைமேல் இருந்த என் போனில் இருந்தது.

"சித்தி, அம்மா போறேன்னு சொல்லிட்டா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"போகட்டும். அங்கே பேரப் பிள்ளைங்க இருக்கு. அவளுக்கும் ஆசை இருக்காதா? வீடு அடங்கிடுச்சு. எனக்கு அது போதும்."

"போதுமா?"

"போதாது. வாயை மூடிட்டு உக்காரு."

போன் அடித்தது. திரையில் அண்ணன். சித்தியின் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. நான் கையை நீட்டினேன்.

"எடுத்து என்ன சொல்லுவே? அவளைத்தானே கேக்கணும்னான்" என்றாள்.

"எழுப்பட்டுமா?"

சித்தி வாயைத் திறந்தாள். எழுப்பு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எழுப்பாதே என்று சொல்லவும் வரவில்லை. மணி அடித்து ஓய்ந்தது. நாங்கள் இருவரும் அசையவில்லை. மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.

அந்தச் சத்தத்தில் அம்மா கொஞ்சம் அசைந்தாள். தூக்கத்திலேயே கையால் துழாவினாள். கால்மாட்டில் கிடந்த போர்வையைப் பிடித்துத் தோள்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

சித்தி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள். மேஜையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.